பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய லேண்ட் க்ரூஸரோ, பஜேரோவோ, டிஃபென்டரோ, ஹைலக்ஸோ கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது பெரிய டயர் போடலாமா, ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) வைக்கலாமா என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனாலும் முதல் ஓராண்டுக்கு வண்டியில் புதிதாக எதையும் பொருத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்தை ஃபில்டர், ஹோஸ், பெல்ட், எண்ணெய் ஆகியவற்றில் போடுங்கள். இருபது ஆண்டு ஓடிய டீசல் எஞ்சினுக்குச் சுத்தமான எண்ணெய், சுத்தமான டீசல், சுத்தமான காற்று, சரியான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆகிய நான்கும் கிடைத்தாலே, பலர் மாற்றங்கள் செய்து தேடும் இழுவை தானாக வந்துவிடும். வண்டி எங்கே கசிகிறது, எந்த வேகத்தில் என்ன சத்தம் போடுகிறது, காலையில் எத்தனை சுற்றில் கிளம்புகிறது என்பதும் அந்த ஓராண்டில் உங்களுக்குப் பழகிவிடும். அப்புறம் எதை மாற்றினாலும், மாற்றியதால் நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த எஞ்சின்களுக்குப் பொருந்தும். டொயோட்டாவின் 1ஹெச்ஸெட், மிட்சுபிஷியின் 4டி56, லேண்ட் ரோவரின் 300டிடிஐ, நிசானின் டிடி42 போன்றவை அந்தத் தலைமுறை. இவற்றில் பெரும்பாலானவை டீசலை அழுத்தி அனுப்ப இயந்திரப் பம்பு வைத்தவை. கணினி இல்லாமல், ஸ்பேனரும் பொறுமையும் வைத்தே நிறைய வேலை பார்க்கலாம்.

காகிதக் கணக்கை முதலில் முடியுங்கள்

காராகப் பதிவான வண்டிக்கு வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ நீட்டிக்கலாம். 5 ஆண்டுக்கு நீட்டித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. பழைய வண்டியை வாங்கும்போது பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் கூடுதல் கட்டணம் உண்டு. 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடு வரை போகும். சோதனைக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும். இலகு சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப் என்றால் கணக்கே வேறு. அதன் ஆயுள் 20 ஆண்டு. பத்து ஆண்டுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

2025 முதல் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்வதில்லை. ஆகவே இப்போது ஓடும் டீசல் கார்களுக்கு இனிமேல் புது வரவு கிடையாது. உதிரிபாகங்களை அவசரத்துக்குத் தேடாமல் முன்கூட்டியே வாங்கி வைப்பது இங்கே கட்டாயம் மாதிரிதான். இரண்டு டீசல் ஃபில்டர், ஒரு செட் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், ஒரு தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), எண்ணெய் வடிக்கும் வடிபோல்ட்டுக்கான வாஷர் நாலைந்து. இவை அலமாரியில் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும்.

எங்கே வைத்து வேலை பார்ப்பது

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. நின்றுபோன வண்டியை நகர்த்தச் செய்யும் அவசர வேலை வேறு; கீழே படுத்து எண்ணெய் மாற்றுவது வேறு. கூட்டுரிமை வீடுகளிலும் நிர்வாகம் பொதுவாக விடாது. எனவே வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நின்ற இடத்திலேயே பார்க்கக்கூடியவை முதல் வகை: எண்ணெய் மட்டம், கூலன்ட் மட்டம், பெல்ட்டின் நிலை, பேட்டரி வோல்டேஜ், டயர் காற்று, கசிவுத் தேடல். இவற்றை வீவக அடுக்குமாடிக்காரரும் தயங்காமல் செய்யலாம். எண்ணெய் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது ஆகியவற்றுக்குத் தரைவீட்டு முற்றம் வேண்டும். உங்களுக்கு இல்லாவிட்டால் மாமாவுக்கோ நண்பருக்கோ இருக்கும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் திரும்பினால் அடுத்த முறையும் கதவு திறக்கும். தடித்த அட்டையும் அதன்மேல் பழைய பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டுபோங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் பெல்ட்), கிளட்ச், இன்ஜெக்டர் (டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பாகம்) சோதனை, வெல்டிங் எல்லாம் மூன்றாம் வகை. இவற்றை காக்கி புக்கிட், சின் மிங், உபி பக்கம் உள்ள நல்ல ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்க்க விடும் கடையைத் தேர்ந்தெடுங்கள். பார்த்துக் கற்றுக்கொள்வது பாதிப் படிப்பு.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் வடிகாலில் விழுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. புது எண்ணெய் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, உங்களுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பிடம் கேட்டுக் கொடுங்கள். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச்செல்லும் பீப்பாய் அங்கே இருக்கும். குப்பைச் சரிவிலும் போடாதீர்கள்.

கருவிகள் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 8 முதல் 24 மில்லிமீட்டர் வரை ஸ்பேனரும் சாக்கெட்டும், ஒரு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவுவது), மல்டிமீட்டர், எண்ணெய் வடிக்கும் தட்டு, தலையில் மாட்டும் விளக்கு, நைட்ரைல் கையுறை, உங்கள் வண்டிக்கான ஒர்க்‌ஷாப் கையேடு. ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் ஒரு சனிக்கிழமை நடந்தால் கருவியில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். பழைய டிஃபென்டர் வைத்திருப்பவர்களுக்கு அங்குல அளவு ஸ்பேனரும் சில தேவைப்படும்.

ஆனால் ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் கால்) பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். இரண்டு டன் எடையுள்ள வண்டி நழுவினால் யாராலும் பிடிக்க முடியாது. தரமான ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டிஃபென்டர்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: அதன் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) பின்னாலுள்ள தண்டைப் பிடிக்கிறது. ஒரு சக்கரத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி வேலை செய்யாமல் வண்டி உருளலாம். சென்டர் டிஃபை (முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) பூட்டி, கட்டை வைத்த பிறகே ஜாக்கைத் தொடுங்கள்.

எண்ணெய்

இந்த எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 தரத்து டீசல் எண்ணெய், டப்பாவில் சிஐ-4 என்று போட்டிருப்பது, பொதுவாகப் போதும். ஆறு முதல் பத்து லிட்டர் வரை பிடிக்கும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நம் ஊர் ஓட்டம் குறுகியது, நின்று நின்று போவது. எண்ணெய்க்கு அது கடினமான வாழ்க்கை.

எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம். வடிபோல்ட்டைக் கழற்றியதும் பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுப் புதியது போடுங்கள். பழைய ஃபில்டர் வெளியே வரும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை இறுக்கினால், கிளப்பிய சில நொடிகளில் எண்ணெய் பீறிட்டு வரும். புது ஃபில்டரின் வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஊற்றியபின் கிளப்பி, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) உள்ள எஞ்சினுக்கு இது முக்கியம். பிறகு அணைத்து, பத்து நிமிடம் விட்டு, எண்ணெய் அளவுக் கம்பியில் மட்டம் பாருங்கள்.

மாற்றிய சில நாளிலேயே எண்ணெய் கறுத்துவிட்டதே என்று புதியவர்கள் பயப்படுவார்கள். டீசலில் அது இயல்பு. கரியைத் தன்னில் ஏந்திக்கொள்வதுதான் அந்த எண்ணெயின் வேலை. கவலைப்பட வேண்டியவை வேறு: வடித்த எண்ணெயில் உலோக மினுமினுப்பு, வெண்மையான கலங்கல், அல்லது ஊற்றாமலேயே மட்டம் ஏறி டீசல் வாசனை அடிப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டுவதை நிறுத்தி ஒர்க்‌ஷாப்பிடம் காட்டுங்கள்.

டீசல்: உங்கள் கவனத்தில் பாதி இங்கே போகட்டும்

பழைய டீசல் வண்டியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரும் தூசியும்தான். நம் காற்றில் எப்போதும் ஈரம். பாதி காலியான டேங்கில் இரவில் அந்த ஈரம் சுவரில் படிந்து கீழே இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு நிறக் கொழகொழப்பாகி ஃபில்டரை அடைக்கும். வாரத்துக்கு ஒருமுறைதான் வண்டியை எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். டேங்கை நிரப்பி நிறுத்துவது எளிய மருந்து.

மலேசியா பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கே விற்கும் டீசலில் பனையெண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கும். அது டேங்கில் பல ஆண்டாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸையும் மெல்ல மெல்ல மிருதுவாக்கிவிடும். எனவே பழைய வண்டியோடு முதன்முறை நீண்ட பயணம் போகும் முன்பு டீசல் ஹோஸ்களை எல்லாம் புதிதாக மாற்றிவிடுங்கள். பயோடீசலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள். விலை அதிகமில்லை. கூடவே மாற்று ஃபில்டர் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும்.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் தளர்த்திக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து தெரியும். தெளிவான டீசல் மட்டும் வரும்வரை வடித்துவிட்டு மூடுங்கள்.

ஃபில்டரை மாற்றும் முறை இது:

1. எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஃபில்டரைச் சுற்றி முதலில் துணியால் துடையுங்கள். கழற்றும்போது உள்ளே விழும் ஒரு துகள் மணல்கூடப் பம்பைக் கீறும்.

2. அடியில் தட்டு வைத்து, வடிதிருகைத் திறந்து டீசலை வடியுங்கள். தண்ணீர் உணரும் கம்பி இருந்தால் கழற்றுங்கள். ஃபில்டரைத் திருப்பி எடுங்கள்.

3. புது ஃபில்டரின் வளையத்தில் டீசல் தடவிக் கையால் இறுக்குங்கள். ஃபில்டரை முன்கூட்டியே நிரப்புவதானால் வெளி ஓட்டைகள் வழியாக மட்டும் சுத்தமான டீசல் ஊற்றுங்கள். நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும். எனக்குப் பிடித்தது நிரப்பாமல் மாட்டிக் கைப்பம்பால் இழுப்பதுதான்.

4. ஃபில்டர் தலையில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். பல டொயோட்டா, மிட்சுபிஷி வண்டிகளில் ஃபில்டர் தலையிலேயே அமுக்கும் கைப்பம்பு உண்டு. 300டிடிஐயில் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் டீசல் பம்பில் சிறு நெம்புகோல் இருக்கும். குமிழி நின்று டீசல் ஒரே சீராக வரும்வரை அமுக்குங்கள். திருகை மூடியபின்னும் கைக்கு இறுக்கம் தெரியும்வரை அமுக்குங்கள்.

5. கிளப்புங்கள். முதலில் இருமும், பிறகு சீராகும். கிளம்பவே இல்லையென்றால் ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். ஆறவிட்டு, மறுபடி கைப்பம்பிலிருந்து தொடங்குங்கள்.

6. ஓடும்போது சுற்றிலும் விளக்கு அடித்துக் கசிவு பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். ராத்திரி நின்ற பிறகு கிளம்ப அடம்பிடித்தால், எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். டீசல் வெளியே சொட்டாத அளவுக்குச் சின்ன விரிசலிலும் காற்று நுழையும். ஃபில்டருக்குப் போகும் குழாயில் சிறிது நீளம் ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று எஞ்சின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் விரலையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். புதிய காமன் ரெயில் (கணினி கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் முறை) எஞ்சின்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அவற்றின் குழாய்களை வீட்டில் தொடவே வேண்டாம்.

சூடு

"அண்ணே, இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிடலாம்" என்று அன்போடு ஆலோசனை சொல்லும் தம்பிகளை நீங்களும் சந்திப்பீர்கள். கழற்றாதீர்கள். டீசல் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வந்தால்தான் டீசல் முழுதாக எரியும். குளிர்ந்தே ஓடினால் புகை கூடும், எண்ணெய் கெடும், தேய்மானம் அதிகமாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இன்னொரு வேலையும் செய்கிறது: சூடானதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே ஓடி, எஞ்சின் இன்னும் அதிகமாகச் சூடேறும்.

வெறும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். இங்கே பனி இல்லைதான், ஆனால் கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலே அழுத்தம் நிற்காது. ஏதோ பெரிய கோளாறு என்று தேடும் முன்பு மூடியை மாற்றிப் பாருங்கள், மலிவு.

குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து கிளப்பி, விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் கழித்தும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். விசிறியின் விஸ்கஸ் கப்ளிங் (சூடானதும் விசிறியைப் பிடித்துச் சுழற்றும் இணைப்பு), எஞ்சின் சூடாக இருக்கும்போது (அணைத்தபின்) கையால் சுற்றினால் தடை கொடுக்க வேண்டும். இலேசாகச் சுழன்றுகொண்டே இருந்தால் அதன் காலம் முடிந்தது. தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊசி ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டைமிங் பெல்ட்

விற்றவர் "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று சொன்னாலும், ரசீது இல்லாவிட்டால் மாற்றாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1ஹெச்ஸெட், 4டி56, 300டிடிஐ எல்லாம் பெல்ட் எஞ்சின்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 4டி56இல் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு (அதிர்வைக் குறைக்கும் தண்டு) ஒரு சின்ன பெல்ட் தனியாக உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி இரண்டையும் கெடுக்கும். இரண்டையும், டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கி வைக்கும் உருளை), கூடவே வாட்டர் பம்பையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். டிடி42இல் கியர், மிட்சுபிஷியின் 4எம்40இல் செயின். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

கியர் எண்ணெய்கள்

எல்லோரும் மறக்கும் இடம். முன் டிஃப், பின் டிஃப் (அச்சின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் என நான்கு தனித்தனிக் குடங்கள் இருக்கின்றன. வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். முதலில் வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்து அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். டிஃபுக்கு ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 பொதுவாகச் சரி. கியர்பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் அதையே போடுங்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்கள் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். வடிபோல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. துண்டு துண்டாக உலோகம் இருந்தால் இயல்பில்லை.

கீழே இருக்கும்போதே ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கிரீஸ் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடித்துவிடுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் வேலையில் முன் அனுபவம் இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள்.

தேவைக்கு மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகை வண்டியானால், காய்ந்த தார்ச்சாலையில் அதை நான்கு சக்கரத்தில் ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டிய கட்டாயத்தில் திருப்பங்களில் உள்ளே முறுக்கு ஏறும். ஆனாலும் மாதம் ஒருமுறை மண்ணிலோ சரளையிலோ கொஞ்சதூரம் மாட்டி ஓட்டுங்கள். பல மாதம் தொடாத நெம்புகோல், தேவைப்படும் நாளில் அசைய மறுக்கும்.

புகையைப் படிப்பது

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் காற்று ஃபில்டர், அடுத்து டர்போ ஹோஸில் விரிசல், அதன்பின் இன்ஜெக்டர். காலையில் கிளப்பியதும் சிறிது வெண்புகை வந்து நின்றால் க்ளோ பிளக்கில் (குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உள்ளே சூடேற்றும் பாகம்) ஒன்றிரண்டு செத்திருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒன்று போனாலும் வண்டி கிளம்பிவிடும் என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை. பிளக்கின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள்; நல்ல பிளக் ஏறக்குறைய ஒரு ஓமோ அதற்கும் குறைவாகவோ காட்டும், செத்தது எதையும் காட்டாது. சூடான பிறகும் வெண்புகை இனிப்பான வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை எண்ணெய்.

சோதனை நிலையத்துக்குப் போகும் வாரம் காற்று ஃபில்டரைப் புதிதாக மாற்றி, எண்ணெய் பழையதானால் அதையும் மாற்றி, விரைவுச்சாலையில் நன்றாகச் சூடேறும்படி ஓட்டிவிட்டு நேராக உள்ளே போங்கள். வரிசையில் நெடுநேரம் ஐடிலில் நின்றால் புகைக்குழாயில் கரி சேரும்.

இப்போது மாற்றங்களுக்கு வருவோம்

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, முன் அனுமதி தேவைப்படுபவை, கூடவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. எஞ்சின், டர்போ, புகைக்குழாய் ஆகியவற்றைத் தொடுவதானால் முன் அனுமதி வேண்டும். ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் உள்ள பட்டியலைப் பொருள் வாங்கும் முன்பே படியுங்கள். ஜோகூரில் எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள் என்பது இங்கே காரணமாகாது. புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை அடைப்பதையும் கழற்றுவதையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மாற்றம்: பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகும் எர்த் கம்பிகளைத் தடிமனாகப் புதுப்பிப்பது. பழைய டீசல் மந்தமாகச் சுற்றினால் பாதி நேரம் இதுதான் காரணம். கூடுதல் மின்கருவி எதைச் சேர்த்தாலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள்.

அடுத்து டயர். பதிவான அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர் வாங்குங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் மாறி வண்டி மந்தமாகும், பிரேக்குக்கும் சுமை.

மூன்றாவது, இழுத்து மீட்கும் கொக்கிகள். எடைக்குச் சான்று பெற்றவற்றைச் சேஸிஸில் முன்னும் பின்னும் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்காதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

நான்காவது ஆக்சில் பிரீதர், அதாவது அச்சுக்குள் காற்று போய்வரும் துளை. டிஃப் சூடாக இருக்கும்போது நீரோடையில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். பிரீதருக்குச் சிறு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்கு உயரே கொண்டுவந்தால் அது நிற்கும். ஒரு மதிய நேர வேலை, சில பத்து வெள்ளி செலவு. மதிப்புக்கு மதிப்பு பார்த்தால் இதைவிடச் சிறந்த மாற்றம் எனக்குத் தெரியாது. ஸ்நார்க்கல் வைத்தவர்கள் பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். ஸ்நார்க்கல் எஞ்சின் மூச்சை மட்டும்தான் காக்கும்.

சஸ்பென்ஷனை உயர்த்துவதில் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். உயர்த்த உயர்த்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம், ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணம், பிரேக் ஹோஸின் நீளம் எல்லாம் மாறும். இன்னொன்று, நம் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களின் உயரம். நுழைவாயிலில் தொங்கும் கம்பியில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, வீட்டு நிறுத்துமிடம், அலுவலகம், மாமியார் வீடு என நீங்கள் போகும் எல்லா இடத்துக்கும் கணக்குப் போடுங்கள். கூரைச் சட்டமும் சேர்ந்தால் டிஃபென்டர் போன்ற உயரமான வண்டி பல இடங்களில் நுழையாது. கூரையில் எடை ஏற்றுவது திருப்பங்களில் வண்டியைக் கவிழ்க்கவும் பார்க்கும். கனமானதைக் கீழே வையுங்கள்.

பம்பின் டீசல் திருகை இரண்டு சுற்றுத் திருப்பினால் வண்டி பறக்கும் என்று சொல்வார்கள். இழுவை கூடும், உண்மைதான். புகையும் கூடும், புகைவாயுவின் சூடும் ஏறும், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் உருகும். வேண்டாம்.

ஜோகூர் போய்த் திரும்பினால்

சிங்கப்பூரில் மண் பாதையில் நீண்டதூரம் ஓட்ட இடம் கிடையாது என்பதால் எல்லோரும் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாக அக்கரைக்குத்தான் போகிறோம். கோத்தா திங்கி, மெர்சிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகள் பழகுவதற்கு நல்லவை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிப் போங்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 1 ஜூலை 2025 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிறது, இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரை வெள்ளக்காடாகும். அப்போது புதியவர்கள் போக வேண்டாம். தனி வண்டியாகவும் போகாதீர்கள்.

திரும்பிய அன்றோ மறுநாளோ வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். கழுவ வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், சேஸிஸின் ஓட்டைகளுக்குள் தண்ணீர் பாய்ச்சிச் செம்மண்ணை வெளியேற்றுங்கள். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே துருவேற்றும். தேசாரு, மெர்சிங் கடற்கரை மணலில் இறங்கியிருந்தால் உப்பு சேரும், இன்னும் அவசரம். காய்ந்தபின் சேஸிஸ் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடிக்கலாம். சிறு சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். மந்தமான சத்தம் கேட்கும் இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கிறது, வெல்டரிடம் காட்டுங்கள். காற்று ஃபில்டரில் தூசி பாருங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். டயரில் காற்று இறக்கி ஓட்டியிருந்தால் பழைய அளவுக்கு நிரப்பியாயிற்றா என்றும் பாருங்கள்.

தண்ணீரில் இறங்கியிருந்தால் ஓரிரு நாளுக்குள் இரண்டு டிஃபின் ஊற்றும் போல்ட்டையும் திறந்து, சுத்தமான கம்பியை விட்டு எண்ணெயைத் தொட்டு எடுங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. தே தாரிக் நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அன்றே வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். இன்னும் கலங்கலாக இருந்தால் இரண்டாவது முறையும் மாற்றிவிட்டு, ஆக்சில் சீலையும் பிரீதர் ஹோஸையும் சோதியுங்கள்.